எடை குறைக்கச் சொல்லும் முதலாளி: யோசுவா 1:8 வாசித்தும் பயம் போகவில்லை

பிரதர், காசிமேட்டு மீன்கடையில் எடை குறைத்துப் போடச் சொல்கிறார்கள், யோசுவா 1:8 தினமும் வாசித்தும் தைரியம் வரவில்லை என்கிறீர்கள். அந்த வசனம் வேதத்தை இரவும் பகலும் தியானிக்கச் சொல்வதோடு நிற்கவில்லையே, எழுதியிருக்கிறபடி செய்யவும் சொல்கிறது. வாசித்துவிட்டு அதே தராசில் நின்றால் மனசாட்சி குத்தும், பயம்தான் கூடும்.

இந்த வாரம், கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிற நீதிமொழிகள் 11:1 மட்டும் போதும். காலையில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே செய்யுங்கள். வாடிக்கையாளர் முன்னால் பேசாதீர்கள். கடை கட்டியதும் தனியாக, "அண்ணே, எடையை மட்டும் சரியாப் போட்டுக்கிறேன், மத்தபடி எந்த வேலைன்னாலும் சொல்லுங்க" என்று கேளுங்கள். ராஜாவின் உணவு வேண்டாம் என்றிருந்த தானியேலும் சண்டை போடவில்லை, மரக்கறியும் தண்ணீரும் கொடுத்து 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்றுதான் கேட்டார் (1:12). பிரசங்கம் பண்ணினால் காரியம் கெடும்.

வேலை போகவும் கூடும். ஆனாலும் கூடவே இருப்பேன் என்பதுதான் கர்த்தரின் வாக்கு (யோசுவா 1:9). இன்றைக்கே வேறு இடத்திலும் விசாரித்து வையுங்கள், உங்கள் பாஸ்டரிடமும் சொல்லுங்கள்.