எனக்கு, எனிக்கு, மி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஊர் தமிழக-கேரள எல்லையில் இருக்கிற புளியரை. பிரானூரில் மரம் அறுக்கும் ஒரு சாமில்லில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. எட்டு மாதமாக நானாகவே இத்தாலிய மொழி படிக்கிறேன். செல்போனில் ஒரு ஆப், ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பழைய இலக்கணப் புத்தகம், ஒரு கோடு போட்ட நோட்டு, இவ்வளவுதான். காலை ஐந்து முதல் ஐந்தரை வரை. எங்கள் மில்லுக்கு இத்தாலியில் செய்த அறுவை இயந்திரம் ஒன்று வந்தது. கூட வந்த கையேட்டைச் சும்மா வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன், வாய்க்குச் சுகமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது. ஆப்பில் 212 நாள் விடாமல் படித்தேன். மார்ச் கணக்கு முடிப்பில் 12 நாள் விட்டுப்போனது. ஆப் மறுபடி பூஜ்யத்தைக் காட்டுகிறது. அப்புறம் நோட்டைத் திறக்கவே மனசு வரவில்லை. வீட்டில் “இத்தாலிக்கா போகப்போற?” என்று சிரிக்கிறார்கள். இத்தனை மாதம் படித்தும் ஒரு வீடியோ ஓடினால் நாலு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. நீங்களும் இத்தாலியன் படித்ததாக எங்கோ எழுதியிருந்தீர்கள். ஊக்கத்தை எப்படித் தக்கவைத்தீர்கள்? சோனோ ஸ்தாங்கோ. (களைத்துவிட்டேன்.)

பெயர் வேண்டாம்,
புளியரை.

*

அன்புள்ள தங்கைக்கு,

சாமில் கையேட்டைப் பார்த்து ஒரு மொழியின்மேல் ஆசை வந்தது என்று இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை. இந்தக் காரணமே போதும், இன்னொன்று தேட வேண்டாம். வீட்டில் கேட்டால் “மில் மிஷினுக்கு” என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை.

முதலில் கணக்கு. நீங்கள் கணக்கு எழுதுகிறவர், இதில் என்னைவிடச் சுருக்காகப் பிடிபடும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லித்தர ஒரு பள்ளி நடத்துகிறது. அவர்கள் அனுபவத்தில், ஆங்கிலம் பேசுகிற ஒருவர் இத்தாலியனில் வேலை பார்க்கிற அளவுக்குத் தேர்ச்சி பெற 24 முதல் 30 வாரம், வகுப்பில் மட்டும் 600 முதல் 750 மணி நேரம் ஆகும் என்று வெகுகாலம் கணக்கு வைத்திருந்தார்கள். (தமிழுக்கு 44 வாரம், 1100 மணி நேரம் வைத்திருந்தார்கள். நமக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.) நீங்கள் 212 நாள், நாளுக்கு அரை மணி. 106 மணி நேரம். குறைந்த கணக்கை வைத்தாலும் ஆறில் ஒரு பங்கு. செங்கோட்டையில் ரயில் ஏறி, பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே “கொல்லம் ஏன் இன்னும் தெரியவில்லை” என்று கேட்கிறீர்கள். குகைக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த 106 மணி நேரம் ஆப்பின் பூஜ்யத்தோடு போய்விடவும் இல்லை. பூஜ்யம் ஆனது ஆப்பில் நெருப்புப் படத்துக்குப் பக்கத்தில், விடாமல் படித்த நாளைக் காட்டுகிற அந்த எண்தான். எனக்கு இந்த எண் 300ஐத் தாண்டி ஒருநாள் அறுந்தது. அன்று ஆப்பை அழித்தேன். அதற்கு முந்தைய இரண்டு மாதம் நான் படித்ததெல்லாம் எண் அறுந்துவிடக் கூடாதே என்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, தெரிந்த பாடத்தையே தட்டித் தள்ளியதுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சரி, இது சின்ன விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. “ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பழைய இலக்கணப் புத்தகம்” என்கிறீர்கள். ஆப்பும் ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித்தந்திருக்கும். உங்களுக்குக் களைப்பு அங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் வந்தது.

நீங்கள் மலையாளம் எப்படிப் பழகினீர்கள்? புளியரைக்காரருக்கு மலையாளம் தெரியாமல் இருக்காது. நான் பழகியது புனலூர் பஸ்ஸில். அப்பாவுக்கு லாரி புக்கிங் ஆபீஸ், நான் பில் புத்தகத்தோடு அடிக்கடி அந்தப் பக்கம் போவேன். கண்டக்டர் “எவிடெக்கா?” என்பார். ஆரியங்காவில் சாயா குடிக்கும்போது யாரோ “எனிக்கு விசக்குன்னு” என்பார். நம்முடைய “எனக்குப் பசிக்கிறது”தான், கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. எனக்கு, எனிக்கு. இடையில் ஆங்கிலம் வரவே இல்லை. நம் ஊரில் யாரும் ஆங்கிலம் வழியாக மலையாளம் கற்றதில்லை, அப்படிக் கற்றிருந்தால் பாதிப் பேர் எல்லையில் கோட்டைவாசலிலேயே திரும்பி வந்திருப்பார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இங்கே யாரும் சொல்லித்தராமல் வந்த பழக்கம்.

இத்தாலியன் படிக்க உட்கார்ந்ததும் இந்தப் பழக்கத்தை நான் மறந்துவிட்டேன். தென்மலையைச் சுற்றிப்பார்க்க வந்த ஓர் இத்தாலியப் பெண்மணியிடம் என் வயதைச் சொல்ல வேண்டி வந்தது. அப்போது எனக்கு நாற்பது. மனசுக்குள் ஆங்கில வாக்கியம் ஓடியது, அதை அப்படியே திருப்பி “சோனோ குவரான்தான்னி” என்றேன். அதாவது “நான்தான் நாற்பது வருஷங்கள்”. அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு “ஓ குவரான்தான்னி” என்று திருத்தினார். என்னிடம் நாற்பது வருஷம் இருக்கிறது. தமிழில் நாம் என்ன சொல்வோம்? எனக்கு நாற்பது வயது. ஆங்கிலத்தை இடையில் விடாமல் இருந்திருந்தால் எனக்குச் சரியாகவே வந்திருக்கும்.

அன்று ராத்திரி நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, தமிழில் “எனக்கு” என்று ஆரம்பிக்கிற வாக்கியங்களாக எழுதினேன். எனக்குப் பசிக்கிறது, ஓ ஃபாமே. எனக்குத் தலை வலிக்கிறது, மி ஃபா மாலே லா தெஸ்தா. எனக்குத் தோன்றுகிறது, மி செம்பிரா. எனக்குப் பிடிக்கும், மி பியாச்செ. இந்தக் கடைசி ஒன்றுக்கு ஆங்கிலப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருப்பார்கள். பிடிக்கிற பொருள்தான் எழுவாய், ஆள் அதற்குப் பின்னால் நிற்கிறான் என்று படம் போட்டு விளக்குவார்கள். நமக்கு எதற்கு அந்த விளக்கம்? எனக்கு மாம்பழம் பிடிக்கும். எனிக்கு மாம்பழம் இஷ்டமாணு. மி பியாச்செ. புத்தகம் எதைக் கஷ்டம் என்று பயமுறுத்துகிறதோ அதை நீங்கள் மூன்று வயதிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நோட்டில் இனி ஆங்கிலப் பத்தியை அடித்துவிட்டு, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இத்தாலியன் என்று வையுங்கள். மலையாளம் பொருந்துகிற இடத்தில் நடுவில் அதையும்.

இன்னும் இருக்கிறது. “எட்டு மாதமாகப் படிக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள், நிகழ்காலம். ஸ்தூதியோ இதலியானோ தா ஓத்தோ மேஸி. அதுவும் அதே நிகழ்காலம். ஆங்கிலத்துக்காரர்தான் அங்கே மூன்று வினைச்சொல்லை அடுக்க வேண்டியிருக்கிறது. “படிக்கிறேன்” என்றால் அதற்குள்ளேயே “நான்” இருப்பதுபோல “ஸ்தூதியோ”வுக்குள்ளும் இருக்கிறது. ஒற்றும் இரட்டையும் நம் காதுக்குப் புதிதில்லை. புளி, புள்ளி இரண்டையும் நாம் குழப்புவோமா? அதேபோல நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா. பாலா மண்வெட்டி, பல்லா பந்து. வெளிநாட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் தடுமாறுகிற இடம் இது. அப்புறம் அந்த ஞகரம். குளியலறைக்கு “பாஞ்ஞோ” என்பார்கள். குழந்தையை “குஞ்ஞு” என்று கூப்பிடும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இதற்கு ஒலிப்பயிற்சி வேண்டாம்.

எல்லாமே சுலபம் என்று நான் ஏமாற்றவில்லை. அஃறிணைக்கு ஆண் பெண் பார்க்கிற மொழி அது, அங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்காது. மேசை ஆண், நாற்காலி பெண். முட்டை ஒன்றாக இருந்தால் ஆண் (லுவோவோ), இரண்டானால் பெண் (லே உவோவா). புளியரை செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும் முட்டை லாரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழி தெரியவில்லை. தமிழ் எழுத்தில் எழுதிவைத்தால் ப-வுக்கு இரண்டு ஒலி, த-வுக்கு இரண்டு ஒலி என்று குழம்பும். மலையாள எழுத்து தெரிந்தால் அந்த இடத்தில் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசி வரி என் “எனக்கு” கொள்கையையே கவிழ்க்கிறது. “எனக்குக் களைப்பாக இருக்கிறது” என்போம், இத்தாலியனிலோ “சோனோ”தான், ஆங்கிலம்போலவே. விதிவிலக்குக்கென்று நோட்டில் கடைசிப் பக்கத்தை விட்டுவையுங்கள், சீக்கிரம் நிறையும்.

இந்த மாதிரி இடத்தில் எல்லாரும் வீரமாமுனிவரை இழுப்பார்கள், நானும் ஒரு வரிக்கு இழுத்துக்கொள்கிறேன். 1680இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர், முப்பது வயதுவாக்கில் இங்கே வந்து தமிழ் படித்தார். 1732இல் சதுரகராதியில் தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். தமிழிலேயே பிறந்து வளர்ந்த புலவருக்கு நிகண்டு மனப்பாடம், அவருக்கு அகர வரிசை எதற்கு? தேடித் தேடிப் படிக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். உங்கள் நோட்டும் அப்படித்தான் உருவாக வேண்டும், உங்களுக்கு எது தேடக் கிடைக்கவில்லையோ அதன்படி.

ஊக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். புனலூர் பஸ்ஸில் எனக்கு ஊக்கம் தேவைப்படவில்லை, பஸ் தானாக வந்தது. இத்தாலியன் மலை ஏறி இங்கே வராது. அதனால் நான் ஒரு பஸ் ஏற்பாடு செய்துகொண்டேன். காலையில் பல் தேய்க்கும்போது அந்த நாட்டுப் பொது ஒலிபரப்பான ராய் வானொலியில் வானிலை அறிக்கை. மூன்று நிமிஷம், அதற்குமேல் இல்லை. வானிலையில் ஒரு வசதி, அதே நாற்பது ஐம்பது சொல்தான் தினமும் சுற்றிச் சுற்றி வரும். வடக்கே மேகம், தெற்கே வெயில், தீவுகளில் காற்று. இரண்டாவது வாரம் பியோஜ்ஜா என்றால் மழை என்று காது தானாகப் பிடித்தது. ஒருநாள் “பியோஜ்ஜெரெல்லா” என்றார்கள். அகராதியைப் பார்த்தேன், மெல்லிய மழை. சாரல்! குற்றாலத்துச் சாரலுக்கு அங்கே ஒரு சொல் இருக்கிறது என்று அன்று முழுக்க எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அரை மணி நேரப் படிப்பை வாரத்துக்கு நாலு நாள் ஆக்குங்கள், வானிலையை மட்டும் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் நோட்டை மூடிவிடுங்கள், அந்த மாதம் உங்களுக்கு மில் மட்டும்தான். முழு வீடியோ இப்போது வேண்டாம்.

பேச ஆள் இல்லையே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். சிசிலித் தீவில் பலேர்மோ நகரத்தில் ஈழத்தமிழர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அந்த ஊரின் காவல் புனிதை ரொசாலியாவை நம் சைவர்களும் மலையேறிப் போய்க் கும்பிடுகிறார்கள். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் இத்தாலியனுமாக வளர்ந்த பிள்ளைகள் அங்கே உண்டு. அப்படி ஒருவரோடு பழக்கம் கிடைத்தால் ஆங்கிலம் இல்லாமலே சந்தேகம் கேட்கலாம். அதுவரை எனக்கு எழுதுங்கள். உங்கள் மில்லைப் பற்றி ஐந்து வரி இத்தாலியனில், பிழையோடு.

ஒரு திருத்தம் மட்டும் இப்போதே. “ஸ்தாங்கோ” ஆண் சொல்வது. ஆப்பில் யாரோ ஓர் ஆண் சொன்ன வாக்கியத்தை அப்படியே எடுத்திருப்பீர்கள். நீங்கள் “ஸ்தாங்கா” என்று சொல்ல வேண்டும். ஸ்தாங்கோ நான். நேற்று ராத்திரி முழுக்க இங்கே கரண்ட் இல்லை.