கடிகாரத்தை ஒரு மணிநேரம் தள்ளிவைக்கும் பழக்கம் எப்படி வந்தது? அதனால் யாருக்கு லாபம்?

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் இங்கிலாந்துக்குப் புதிது, மார்ச் கடைசி ஞாயிறு வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள் போல. நானும் வாங்கினேன், ஆனால் ஒக்டோபரில். இங்கே மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் திருப்பி வைப்பார்கள்.

முதலில் வரலாறு. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின்தான் தொடக்கினார் என்று சண்டைக்கு வராதீர்கள். 1784இல் அவர் பாரிஸ் பத்திரிகைக்கு எழுதியது நையாண்டி. மெழுகுதிரி மிச்சம், வெள்ளன எழும்புங்கள் என்றாரே தவிர, மணிக்கூட்டில் கைவைக்கச் சொல்லவில்லை. 1895இல் நியூசிலாந்தின் ஜோர்ஜ் ஹட்சன் இரண்டு மணிநேரம் தள்ளலாம் என்றார். வேலை முடிந்து பூச்சி பிடிக்க அவருக்கு வெளிச்சம் வேண்டும். இங்கே வீடு கட்டி விற்ற வில்லியம் வில்லெட், 1907இல், ஏப்ரல் ஞாயிறு நான்கில் இருபது இருபது நிமிடமாகத் தள்ளச் சொன்னார். 1915இல் அவர் கண்மூட, அடுத்த வருடமே முதலாம் உலக யுத்தத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி ஏப்ரல் 30இலும் பிரிட்டன் மே 21இலும் தள்ளின.

நான் முதியோர் இல்லமொன்றில் பதினொரு வருடம் இரவு வேலை செய்தவள். பத்திலிருந்து ஆறு. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி, மறுபடி ஒரு மணியாகிவிடும். அரைமணிக்கொருக்கால் ஒரு ஐயாவைப் பார்த்துத் தாளில் எழுதவேண்டும். அன்று 1.30 இரண்டு தடவை வந்தது. நான் "1.30", கீழே "1.30 (இரண்டாவது)" என்று எழுதினேன். காலையில் பொறுப்பாளர் பொய்க்கணக்கு என்று கத்தினார். ஒன்பது மணிநேரம் நின்றதற்கு எட்டுக்குத்தான் காசு. மார்ச்சில் ஏழு மணிநேரம் நின்றபோது மட்டும் கணக்குப் பிசகாமல் ஏழு! எல்லா இடமும் அப்படி என்று சொல்லவில்லை, என் சம்பளத் துண்டைத்தான் சொல்கிறேன்.

லாபமே இல்லையா? இருக்கிறது. தள்ளாவிட்டால் ஜூனில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே விடிந்துவிடும், அதை யார் பார்ப்பது? பின்னேரம் ஒன்பது தாண்டியும் பிள்ளைகள் பூங்காவில் விளையாடுவது நல்லதுதான். மின்சார மிச்சம் என்பதைத்தான் நம்பமாட்டேன். அமெரிக்காவின் இந்தியானாவில் 2006இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தபின் ஆராய்ந்ததில், வீட்டு மின்செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடியிருந்தது. விளக்கில் மிஞ்சியதைக் குளிரூட்டி குடித்துவிட்டது.

எங்கள் ஊரான இலங்கையில் இதே மின்சாரக் கதை சொல்லித்தான் 1996 மே மாதம் ஒரு மணிநேரம் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரைமணியைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரைமணி 2006 ஏப்ரல் வரை வரவேயில்லை. புலிகளின் பகுதியில் பழைய நேரம், எங்கள் வவுனியாவில் புது நேரம். யாரிடம் மணி கேட்டாலும் "பழசோ, புதுசோ?" அம்மா சுவர் மணிக்கூட்டைத் தொடவே விடவில்லை. ராகுகாலம் பிழைக்குமாம்.

இப்போதும் போன் எடுத்தவுடன், "பிள்ளை, இப்ப அங்கைக்கும் இங்கைக்கும் நாலரையோ அஞ்சரையோ வித்தியாசம்?" என்றுதான் கேட்பா.