குளிர் வேறு, மப்பு வேறு

வணக்கம்.

என் அண்ணன் மகன் சென்ற ஆண்டு மேல்படிப்புக்காகக் கனடாவில் வின்னிபெக் நகருக்குப் போனான். என் மகளுக்கு இந்த ஆண்டு ரஷ்யாவில் கசான் நகரில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ரஷ்யா என்றாலே சைபீரியா, பெண் பிள்ளை தாங்கமாட்டாள் என்று அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறார். அங்கே ஏற்கெனவே படிக்கும் சீனியர் மாணவியோ, "குளிரைச் சமாளிச்சிரலாம் அங்கிள், மூணு மணிக்கெல்லாம் இருட்டிடும், அதுதான் கஷ்டம்" என்கிறாள். உண்மையில் இரண்டில் எது அதிகக் குளிர்? எது அதிகம் மூட்டமாக இருக்கும்? இங்கிருந்து என்னென்ன வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்?

ஆர்.எஸ்., கரூர்

*

அன்புள்ள ஆர்.எஸ்.,

அந்தச் சீனியர் மாணவி சொன்னதுதான் சரி. வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி சுமார் மைனஸ் 16 டிகிரி. கசானில் சுமார் மைனஸ் 10. அண்ணன் மகன்தான் கடுமையான குளிரில் இருக்கிறான். ஆனால் அவனுக்கு வெயில் உண்டு, உங்கள் மகளுக்கு அது குறைவு.

நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்தான், ஆண்டுச் சராசரி மைனஸ் 5 டிகிரியை ஒட்டியே வரும். ஆனால் அந்தச் சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. கனடாக்காரர்களில் பத்தில் ஒன்பது பேர் அமெரிக்க எல்லையிலிருந்து 160 கிலோமீட்டருக்குள் வாழ்கிறார்கள். ரஷ்யர்களில் முக்கால்வாசிப் பேர் யூரல் மலைக்கு மேற்கே இருக்கிறார்கள். கசானும் யூரலுக்கு மேற்கே, மாஸ்கோவிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் கிழக்கில், வோல்கா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அது சைபீரியா அல்ல என்று அண்ணனிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

சாதனைக் குளிர் என்றால் ரஷ்யாதான் முன்னால் நிற்கும். சைபீரியாவிலுள்ள வெர்கயான்ஸ்கில் 1892-இல் மைனஸ் 67.8 பதிவானது. கனடாவின் சாதனை யூகான் பகுதியிலுள்ள ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று பதிவான மைனஸ் 63. சைபீரியாவிலுள்ள யாகுட்ஸ்கைப் போல, ஜனவரிச் சராசரியே மைனஸ் 37, 38 என்று இருக்கும் பெருநகரம் கனடாவில் கிடையாது. ஆனால் உங்கள் மகள் போவது அங்கல்ல.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கடுங்குளிரும் மப்பும் சேர்ந்தே வரும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவை ஒன்றையொன்று தள்ளிவிடுபவை. நம் ஊர் மார்கழியை நினைத்துப் பாருங்கள். வானம் சுத்தமாக நட்சத்திரம் தெரிகிற ராத்திரியில்தான் பனி கொட்டும். மேகம் மூடிய ராத்திரியில் போர்வை தேவைப்படாது, புழுங்கும். தரை பகலில் வாங்கிய சூட்டை இரவில் வானத்துக்கு விடுகிறது, மேகம் இருந்தால் அதைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. வடக்கிலும் இதே கணக்குதான், அளவுதான் பெரிது.

வின்னிபெக்குக்கு மேற்கே ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காகச் சுவர் போல் நிற்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று அந்தச் சுவரில் மழையையும் பனியையும் கொட்டிவிட்டு, காய்ந்துதான் சமவெளிக்குள் நுழைகிறது. வடக்கே தடுப்பு எதுவும் இல்லை, ஆர்க்டிக்கின் வறண்ட காற்று தங்குதடையில்லாமல் இறங்கிவருகிறது. வறண்ட காற்றில் மேகம் கட்டாது. அதனால்தான் வின்னிபெக்கில் ஆண்டுக்குச் சுமார் 2,350 மணி நேரம் வெயில் அடிக்கிறது. மைனஸ் 30 இருக்கிற நாளில் வானம் கண்ணைப் பறிக்கிற நீலத்தில் இருக்கும். பனித்தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நடக்க முடியும்.

ரஷ்யாவின் மேற்குப் பகுதியில் நிலைமை தலைகீழ். அட்லாண்டிக் கரையிலிருந்து மாஸ்கோ வரைக்கும், ஏன், யூரல் வரைக்கும் வழி மறிக்கிற மலை இல்லை. கடலின் மிதமான ஈரக் காற்று உள்ளே வந்து, குளிர்ந்த தரையின்மேல் படர்கிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே சற்றுச் சூடான காற்று என்று அடுக்கு மாறிப்போகிறது. பானைக்கு மூடி போட்டதுபோல. அந்த மூடிக்கு அடியில் சாம்பல் நிற மேகம் வாரக்கணக்கில் நகராமல் நிற்கும். அந்த ஈரக் காற்றினால்தான் மாஸ்கோவின் ஜனவரிச் சராசரி மைனஸ் 6 அளவில் நிற்கிறது, அட்சரேகையில் அது வின்னிபெக்குக்கு ஆறு டிகிரி வடக்கே இருந்தும்கூட. அதற்கு விலையாகக் கொடுப்பது வெயிலை. மாஸ்கோவில் வழக்கமான டிசம்பரில் முழு மாதத்துக்கும் சேர்த்து வெயில் சுமார் 20 மணி நேரம். 2017 டிசம்பரில் மொத்தமே ஆறு நிமிடம்தான் சூரியன் தெரிந்தது. கசான் இன்னும் உள்நாட்டில் இருப்பதால் மாஸ்கோவைவிடக் கொஞ்சம் குளிர் அதிகம், வெளிச்சமும் கொஞ்சம் அதிகம்.

ஆக "கனடா வெளிச்சம், ரஷ்யா இருட்டு" என்றும் முடித்துவிடக் கூடாது. கனடாவின் வான்கூவரில் ஜனவரிச் சராசரி பூஜ்யத்துக்கு மேலே 4 டிகிரி, ஆனால் நவம்பரிலிருந்து நசநசவென்று மழையும் மூட்டமும். டொரொண்டோவில் நவம்பர், டிசம்பரில் பேரேரிகளின் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது மேலே குளிர்காற்று வீசுவதால் மேகம் கட்டிக்கொண்டே இருக்கும். ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக் ஏறக்குறைய டொரொண்டோவின் அட்சரேகையிலேயே இருக்கிறது. ஜனவரிச் சராசரி மைனஸ் 12, டொரொண்டோவைவிட எட்டு டிகிரி குறைவு. ஆனால் குளிர்காலம் முழுக்க வெயில். சைபீரியாவின் உள்ளிருந்து வரும் காய்ந்த காற்று செய்கிற வேலை அது. யாகுட்ஸ்க் மட்டும் ஒரு விதிவிலக்கு. அங்கே டிசம்பர், ஜனவரியில் காற்றே அசையாது. வண்டிப் புகையிலும் அடுப்புப் புகையிலும் உள்ள நீராவி அப்படியே உறைந்து பனிமூட்டமாகத் தெருவில் தங்கிவிடும். மார்ச் வந்துவிட்டால் அங்கும் நல்ல வெயில் அடிக்கும்.

இனி அந்த மூன்று மணி இருட்டு. டிசம்பர் 21-ஐ ஒட்டிக் கசானில் பகல் சுமார் ஏழு மணி நேரம். வின்னிபெக்கில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. கசான், தனக்கு வெகு மேற்கேயுள்ள மாஸ்கோவின் நேரத்தையே வைத்துக்கொள்கிறது. அதனால் அங்கே சூரியன் காலை 8.10 வாக்கில் உதித்து மாலை 3.10-க்கு மறைந்துவிடும். உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு அல்ல, பதினொன்றே முக்காலுக்கு முன்பே வந்துபோகும். அந்த உச்சியிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 11 டிகிரிதான் ஏறும். கரூரில் அதே நாளில் சுமார் 56 டிகிரி. ஐந்தடி உயரப் பெண்ணின் நிழல் கசானில் நட்டநடு மதியத்தில் 26 அடி நீளம் விழும். வகுப்பு முடித்து மூன்றரைக்கு வெளியே வருகிற மாணவி டிசம்பர் முழுக்கச் சூரியனைப் பார்க்காமலே இருந்துவிட முடியும். பிள்ளைகள் சோர்ந்துபோவது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, காரணம் தெரியாமல் அழுவது எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதை மனபலக் குறைவு என்று யாரும் திட்டாதீர்கள். 1984-லேயே இதற்கு மருத்துவப் பெயர் வைத்தாகிவிட்டது: பருவகால மனச்சோர்வு.

செய்ய வேண்டியது இது. மதிய இடைவேளையில், மூட்டமாக இருந்தாலும், இருபது நிமிடமாவது வெளியே நடக்க வேண்டும். மூடிய வானத்திலும் வெளியே ஆயிரம் லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் இருக்கும், டியூப்லைட் போட்ட அறையில் முந்நூறு இருந்தாலே அதிகம். முடிந்தால் 10,000 லக்ஸ் சிகிச்சை விளக்கு ஒன்று. காலை எழுந்தவுடன், கருவியில் சொல்லியிருக்கிற தூரத்தில் வைத்து, இருபது முப்பது நிமிடம். விளக்கையே முறைத்துப் பார்க்க வேண்டாம், அதன்முன் உட்கார்ந்து படித்தால் போதும். மாலையில் போடவே கூடாது, தூக்கம் கெட்டுவிடும். அக்டோபரிலேயே தொடங்கிவிடுவது நல்லது, சோர்ந்தபிறகு தொடங்கினால் மீள நாளாகும். கண் நோயோ, மனநிலை அதீதமாக ஏறி இறங்குகிற நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். கிளம்புவதற்கு முன் வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அவ்வளவு வடக்கே உள்ள அட்சரேகையில் குளிர்கால வெயில் தோலில் வைட்டமின் டி உண்டாக்காது. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு மற்ற மாதங்களிலும் அதிக நேரம் வெயில் வேண்டும். மாத்திரை எவ்வளவு என்பதை ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

அண்ணன் மகனின் எதிரி வேறு, அது காற்று. நம் உடம்பைச் சுற்றி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும். வீசும் காற்று அதை உரித்துக்கொண்டே போகிறது. மைனஸ் 25-இல் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால், கனடாவின் கணக்குப்படி அது மைனஸ் 41 போல இருக்கும். மறைக்காத தோல் ஐந்து பத்து நிமிடத்தில் உறைந்துவிடும். வின்னிபெக்கில் போர்ட்டேஜ் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கிற முக்கு இந்தக் காற்றுக்குப் பேர்போனது. அவன் போனில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் "காற்றோடு சேர்த்த குளிர்" எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மூக்கு நுனி, காது மடல், கன்னம் வெள்ளையாகி மரத்துப்போனால் தேய்க்கவே கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். உள்ளே போய் உள்ளங்கையால் மூடி மெதுவாகச் சூடு ஏற்ற வேண்டும். நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால் நேரே மருத்துவமனைதான். கார் வாங்கினால், அங்குள்ள வண்டிகளின் முகப்பில் ஒரு வயர் தொங்குவதைப் பார்ப்பான். எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் பிளக் அது. கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு அதைச் செருகிவைக்க வேண்டும். செருகாவிட்டால் ஆயில் களி மாதிரி இறுகிவிடும், பேட்டரியும் பாதி பலத்துக்கு இறங்கிவிடும், வண்டி கிளம்பாது.

துணிமணிக்கு வருகிறேன். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் முதலில் எடுத்து வைப்பதே அதைத்தான். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், பஸ் ஸ்டாப்பில் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்குகிற கோட்டு. தெர்மல் மூன்று செட், கம்பளி சாக்ஸ் ஆறு ஜோடி இங்கேயே வாங்குங்கள். கோட்டையும் பூட்ஸையும் அங்கே போய் வாங்கட்டும். இங்கே கடையில் "மைனஸ் 20 தாங்கும்" என்று தருகிற ஜாக்கெட் பெரும்பாலும் மணாலி சுற்றுலாவுக்கானது. பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் போட்டால் இடையில் காற்று நிற்க இடமில்லாமல் போய்ச் சூடு குறையும், விரல் மரத்துப்போகும். ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாகப் போகிற பை மாதிரியானது நன்றாகச் சூடு காக்கும். போனை உள் பாக்கெட்டில் வைக்க வேண்டும், வெளிப் பாக்கெட்டில் வைத்தால் 40 சதவீத சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும்.

அறைக்குள் குளிர் இருக்காது. ரஷ்யாவில் அறைகளைச் சூடாக்க நகரம் முழுக்கப் பொதுவாகக் கொதிநீர்க் குழாய் ஓடுகிறது. ஆனால் அன்றாடச் சராசரி தொடர்ந்து ஐந்து நாள் 8 டிகிரிக்குக் கீழே போனபிறகுதான் அதைத் திறப்பார்கள். செப்டம்பர் கடைசியில் அந்த இடைப்பட்ட நாட்களில்தான் விடுதி அறை சில்லென்று இருக்கும், புதிதாகப் போன பிள்ளைகள் சளி பிடித்துப் படுப்பதும் அப்போதுதான். ஒரு தடித்த போர்வை அதற்காகவே வேண்டும். திறந்தபிறகோ, பழைய கட்டடங்களில் சூட்டைக் குறைக்கத் திருகு இருக்காது. ஜன்னலின் மேல்மூலையில் ஃபோர்தோச்கா என்ற சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்துதான் அறையை ஆற்றிக்கொள்வார்கள். மைனஸ் 20 காற்று அறைக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் ஐந்து சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். மூக்கில் ரத்தம் கசியும், உதடு வெடிக்கும். அந்தக் கொதிநீர் ஓடும் ரேடியேட்டர்மேல் ஈரத்துண்டு ஒன்றைப் போட்டுவைத்தால் கொஞ்சம் தாங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், தோலுக்கும் உதட்டுக்கும் வாஸ்லின் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கசானில் கால் உடைகிற மாதம் ஜனவரி அல்ல, மார்ச். மைனஸ் 15-இல் பனி காய்ந்த மணல் மாதிரி நறநறக்கும், வழுக்காது. பகலில் உருகி இரவில் உறைகிற மார்ச்சில் நடைபாதை கண்ணாடியாகிவிடும், காலையில் அதன்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் வேறு நிற்கும். குட்டிக் குட்டி அடியாக, பாதம் முழுவதும் பதிய, கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு நடக்க வேண்டும். அதே வாரங்களில் கூரை விளிம்பில் ஈட்டி மாதிரி பனிக்கூர்கள் தொங்கும். அவை விழுந்து ஆள் செத்திருக்கிறார்கள். நடைபாதையில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தால் அதைக் குனிந்து தாண்டிப் போகாமல், எதிர்ப்பக்கம் மாறிப் போகச் சொல்லுங்கள்.