பிளம்ஸ் மரத்தில் திராட்சை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'பிளம்ஸ் மரத்தில் ஏறித் திராட்சை தின்றேன், தோட்டக்காரர் வந்து என் அக்ரூட்டை ஏன் தின்கிறாய் என்று அதட்டினார்' என்று துருக்கிக் கவி யூனுஸ் எம்ரே பாடியிருக்கிறாராமே, இது வெறும் உளறலா, உள்ளர்த்தம் ஏதாவது இருக்கிறதா? (வாசகி, மேலப்பாளையம்)

பதில்: உள்ளர்த்தம் இருக்கிறது, அதுவும் ரொம்ப அழகானது. யூனுஸ் 1320 வாக்கில் மறைந்தவர், அனதோலியாவின் சாதாரண ஜனங்கள் பேசிய துருக்கி மொழியிலேயே பாடியவர். 17-ஆம் நூற்றாண்டு சூஃபி (இஸ்லாமிய ஞானி) நியாஸி மிஸ்ரி இந்தப் பாட்டுக்கென்றே ஓர் உரை எழுதினார். பிளம்ஸில் வெளிச்சதையைத் தின்கிறோம், உள்ளே பல்லுக்கு அசையாத கொட்டை. அது ஷரீஅத், அதாவது மார்க்கச் சட்டம் சொல்லும் தொழுகை, நோன்பு போன்ற வெளிச் செயல்கள். திராட்சையை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம், ஆனாலும் முகஸ்துதி, தற்பெருமை என்று சின்ன விதைகள் நெருடும், அது தரீக்கத், அதாவது மனதைப் பக்குவப்படுத்தும் சூஃபிப் பாதை. அக்ரூட்தான் ஹகீக்கத், அதாவது இறுதியில் எட்டும் மெய்ம்மை: ஓட்டை உடைக்கிற பாடு இருக்கிறது, உடைத்துவிட்டால் பருப்பில் துப்புவதற்கு ஒன்றுமில்லை. தோட்டக்காரர் யார் என்றால், வழிகாட்டும் ஷைகு, அதாவது ஞானகுரு. ஒரு மரத்தில் ஏறிக்கொண்டு இன்னொன்றின் கனியைத் தேடும் சீடனை அவர் அதட்டத்தானே செய்வார்! இதைக் காட்டி 'சூஃபிகளுக்கு ஷரீஅத் வேண்டாம்' என்று சொல்கிறவர்கள் பாட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன், பிளம்ஸ் மரத்தை வெட்டச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: சரி, 'சொர்க்கம் சொர்க்கம் என்பது சில மாளிகையும் சில ஹூர்களும் (சொர்க்கக் கன்னியரும்) தானே, கேட்பவர்களுக்குக் கொடு, எனக்கு நீதான் வேண்டும்' என்றும் பாடுகிறாரே, இது மார்க்கத்துக்கு விரோதம் இல்லையா? (வாசகர், காயல்பட்டினம்)

பதில்: உங்கள் சந்தேகம் பழசு. 16-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசின் ஷைகுல் இஸ்லாமாக (தலைமை மார்க்க அறிஞராக) இருந்த அபுஸ்ஸுஊத் எஃபெந்தியே இந்த வரிகளைத் திக்ரில் (இறைவனைத் துதிக்கும் கூட்டத்தில்) பாடுவதற்கு எதிராகக் கடுமையான ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார். அவர் கவலை எனக்குப் புரிகிறது, சொர்க்கத்தை இளக்காரம் செய்வதாகத்தான் முதலில் காதில் விழும். ஆனால் குர்ஆனில் அத்தவ்பா அத்தியாயத்தின் 72-ஆம் வசனத்தைப் பாருங்கள்: ஆறுகள் ஓடும் சோலைகளையும் தூய இல்லங்களையும் வாக்களித்துவிட்டு, அல்லாஹ்வின் திருப்பொருத்தம் (அவன் நம்மீது கொள்ளும் உவப்பு) இவற்றைவிடப் பெரியது என்று அந்த வசனமே சொல்கிறது. யூனுஸ் கேட்பது அந்தப் பெரியதைத்தான். பஸ்ராவின் பெண் சூஃபி ராபியாவும் அவருக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே இதையே துஆவில் (பிரார்த்தனையில்) கேட்டதாகச் சொல்வார்கள். ஃபத்வாவுக்கு அப்புறமும் பாட்டு நிற்கவில்லை, துருக்கியில் இன்றும் 'இலாஹி' என்னும் பக்திப் பாடலாக மெட்டமைத்துப் பாடுகிறார்கள்.