எங்கள் மாடல் விமான கிளப்பின் கதை: ஒரு பழைய உறுப்பினரிடம் கேள்வி பதில்

கே: ஐயா, கிளப் எப்படித் தொடங்கியது?

ப: ஐந்தாறு பேரும் ஒரு காலி மைதானமும்தான். அப்போது ரேடியோ கன்ட்ரோல் செட் எங்கள் கைக்கு எட்டாத விலை. அதனால் கன்ட்ரோல் லைன் விமானங்கள். இரண்டு மெல்லிய எஃகுக் கம்பி, நடுவில் ஆள், அவரைச் சுற்றி விமானம் வட்டமடிக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். 1940 வாக்கில் அமெரிக்காவில் ஜிம் வாக்கர் பரவலாக்கிய முறை இது. முதல்முறை பிடிப்பவருக்குத் தலை சுற்றும் என்பதால், அனுபவமுள்ள ஒருவர் பின்னால் நின்று கையோடு கை வைத்துச் சேர்ந்தே சுற்றுவார். புதியவரைத் தனியாக விடாத நம் வழக்கம் அங்கே பிறந்ததுதான்.

கே: கொட்டகைச் சுவரில் எண்கள் எழுதிய பலகையும் துணிக்கிளிப்புகளும் எதற்கு, அண்ணா?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்தக் காலத்தில் கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொன்றும், உள்ளே அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டலைப் பொறுத்து ஒரே சேனலில் வேலை செய்யும். ஒரே சேனலில் இருவர் ஸ்விட்ச் போட்டால், யார் சொல்வதைக் கேட்பது என்று விமானத்திலுள்ள ரிசீவருக்குத் தெரியாது. ஒரு நாள் என் விமானம் மேலே இருந்தபோது, தூரத்தில் ஒருவர் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்கத் தன் செட்டைப் போட்டார். விமானம் புரண்டு, மூக்கு குத்திச் செங்குத்தாக இறங்கியது. ஆறு வாரம் இரவில் உட்கார்ந்து ஒட்டிய இறக்கை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பால்சா என்ற லேசான மரத்தின் நொறுங்கிய துண்டுகளுக்குள், சுக்கானை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ மட்டும் கர்ர் கர்ரென்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே பலகை வந்தது. ஒரு சேனலுக்கு ஒரே கிளிப். அது உங்கள் ஆன்டெனாவில் மாட்டியிருந்தால்தான் ஸ்விட்சில் கை வைக்கலாம். இந்த விதிக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு, நானும்தான். அதற்குப் பிறகு இந்தக் காரணத்தால் ஒரு விமானம்கூட விழவில்லை.

கே: இப்போது அது தேவையில்லையா?

ப: 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் தன் ரிசீவரோடு முன்கூட்டியே இணைக்கப்பட்டிருக்கும். மற்றதன் சிக்னலை அது ஏற்காது. அதனால் தேவையில்லை.

கே: ரப்பர் பேண்ட் விமானம் குழந்தைகள் விளையாட்டுதானே?

ப: இல்லவே இல்லை. 1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ முறுக்கிய ரப்பரால் பறக்கவிட்ட மாடல் 11 விநாடி, சுமார் 40 மீட்டர் போனது. தானாகவே நிலைத்துப் பறக்கும் விமானம் சாத்தியம் என்று காட்டியது அது. ரைட் சகோதரர்கள் சிறுவயதில் கையில் வைத்திருந்த பொம்மை ஹெலிகாப்டரும் பெனோ வடிவம்தான். காற்றைப் படிக்க ரப்பர் மாடலைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

கே: பழைய பெட்டிகளைத் திறந்தால் விளக்கெண்ணெய் வாசம் வருகிறதே?

ப: அது குளோ இன்ஜின் என்ற சின்ன மாடல் இன்ஜினின் எரிபொருள். மெத்தனாலில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். எண்ணெய் உராய்வைக் குறைக்க. அதில் பாதி புகையோடு வந்து நம் சட்டையில்தான் படியும்.

கே: ஃபோம் விமானம் வந்த பிறகு பால்சாவில் கட்டுவது வீண்தானே, சார்?

ப: கற்றுக்கொள்ள ஃபோம் நல்லது. உடைந்தால் பசை போட்டு அன்றே பறக்கலாம். ஆனால் இறக்கைக்குள் வரும் விலா எலும்பு போன்ற சட்டங்களை நீங்களே வெட்டி ஒட்டினால்தான், எடை எங்கே சேர்கிறது, இறக்கை ஏன் முறுக்குகிறது என்று கைக்குப் புரியும். 2003-இல் அமெரிக்க மாடல் விமானக் கலைஞர் மேனார்ட் ஹில் குழுவின் மாடல் 5 கிலோவுக்குள் எடையோடு நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு, சுமார் 39 மணி நேரத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது. அதுவும் பால்சாதான்.

கே: பரணில் தாத்தாவின் பழைய ரேடியோ செட் கிடைத்தது. பறக்கவிடலாமா?

ப: முதலில் அந்த அலைவரிசைக்கு இன்னும் அனுமதி உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் பேட்டரியை மாற்றிவிட்டு எடுத்து வாருங்கள். ஆன்டெனாவை மடக்கி வைத்து முப்பது தப்படி தள்ளி நின்று சர்வோ ஒழுங்காக அசைகிறதா என்று சேர்ந்தே சோதிப்போம். சேனல் எண்ணையும் குறித்து வாருங்கள், பலகையில் அதற்கான கிளிப் இன்னும் தொங்குகிறது.