செம்பட்டை முடியும் 8.6 ஹீமோகுளோபினும்

கேள்வி: மகளுக்கு 19 வயது, கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கருகருவென்றிருந்த முடி ஒரு வருடமாகச் செம்பட்டையாகி வருகிறது, கொட்டவும் செய்கிறது. ஹீமோகுளோபின் 8.6. 'ஹேர் கிளினிக்'கில் ஆறு மாத பேக்கேஜுக்கு 28,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். 8.6 என்றால் ரத்தசோகை; அந்த எண்ணைப் பார்த்தபிறகும் தலைக்கு சீரம் விற்கிறார்கள் என்றால் அது கிளினிக் இல்லை, கடை.

ரத்தசோகைக்கு வழக்கமான காரணம் இரும்புச்சத்துக் குறைவு. அது நன்றாகக் குறைந்தால் முடி கொட்டும், பொலிவு போகும். நிறமும் மங்கலாம், அரிதுதான், ஆனால் உண்டு. ஒரே முடியில் கருப்பும் வெளிறலும் பட்டை பட்டையாக மாறி மாறி வந்ததையும், இரும்புச்சத்து கொடுத்தபின் முடி கருப்பாக வளர்ந்ததையும் 1989-இல் ஒரு தோல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

சீப்பில் வந்த நீளமான முடி ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்து ஜன்னலோரம் பாருங்கள். நுனி மட்டும் செம்பட்டை என்றால் வெயில், ஸ்ட்ரெய்ட்னர், டை. வேர்ப்பக்கமும் வெளிறியிருந்தால் கோளாறு உள்ளே. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நாற்பது சென்டிமீட்டர் முடியின் நுனி மூன்று வருடத்துக்கு முந்தையது. அதற்கு உயிர் கிடையாது, எந்த சீரமும் அதைத் திரும்பக் கருக்க வைக்காது.

பேரீச்சம்பழ சிரப்பையும் நம்பி உட்காராதீர்கள். நூறு கிராம் பேரீச்சையில் இரும்பு ஒரு மில்லிகிராம் சுமார். அரசு தரும் மாத்திரையில் 60. பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்திருப்பார்களே, அதில் பாதி ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும். ஏன் விழுங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, பதிவேட்டில் மட்டும் 'வழங்கப்பட்டது' என்று விழுந்திருக்கும். தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிறகெப்படி இருக்கும்?

மாத்திரை தொடங்குமுன் ரத்தத்தில் ஃபெரிட்டின் பாருங்கள்; உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு அது. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தலசீமியா என்ற பரம்பரைக் குறை லேசாக உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறையும், சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். ஆனால் இரும்பு சரியாகவே இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு பெண் ஐந்து வருடம் சும்மா மாத்திரை விழுங்கியிருந்தாள். ரிப்போர்ட்டில் சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் 'எம்.சி.வி.' என்ற வரி எல்லா வருடமும் அச்சடித்தே இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. மகளுக்கு ஃபெரிட்டின் சரியாக இருந்து எம்.சி.வி. குறைவு என்றால், தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கும் 'ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபொரெசிஸ்' ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அது தெரியாமல் இரும்பு வேண்டாம்.

ஃபெரிட்டினும் குறைவு என்றால் டாக்டர் சொல்லும் மாத்திரை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். டீ, காபி, கால்சியம் மாத்திரை கூடவே வேண்டாம். மலம் கருத்துப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், மேலும் மூன்று மாதம் வேண்டும்.

மாதவிலக்கு பற்றியும் கேளுங்கள். 'நார்மல்' என்பாள். நாளுக்கு எத்தனை பேட் என்று கேட்டால்தான் உண்மை வரும். அங்கேதான் ரத்தம் போகிறது என்றால் மாத்திரை மட்டும் போதாது, மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு மாதத்தில் ரத்தத்தை மறுபடி பாருங்கள், எண் ஏற வேண்டும். முடிக்கு நாலைந்து மாதம் பொறுங்கள்; வகிட்டை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வருவதுதான் கணக்கு, கீழே தொங்குவதல்ல.