பாண்டூன் போட்டுக்கு பட்டை அடிக்கலாமா, மூணாவது டியூப் போடலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். எங்ககிட்ட உருண்டை டியூப்புங்க மேல தளம் போட்ட 20 அடி அலுமினிய பாண்டூன் போட் ஒண்ணு இருக்கு, ரெண்டு டியூப், ஒவ்வொண்ணும் 24 இன்ச் விட்டம், பின்னாடி 40 எச்பி அவுட்போர்டு எஞ்சின். எண்ணூர் கழிமுகத்துல இருந்து பறவை பாக்க வர்றவங்க, காலேஜ் பசங்க இவங்கள ஏத்திக்கினு கொசஸ்தலை ஆத்துக்குள்ள போய் வர்றோம். பத்து பேர் ஏறிட்டா புல்லா திராட்டில் குடுத்தாலும் வேகமே வர்ல, அணியம் (முன்பக்கம்) கீழ குத்துது, வேகமா திருப்புனா வெளிப்பக்கம் சாயுது, எதிர்காத்துல தளத்துக்கு அடியில தண்ணி பட்டுனு அடிச்சு மேல தெறிக்குது. 60 எச்பி மாத்துன்றாரு ஒருத்தர், மூணாவது டியூப்பு போடுன்றாரு இன்னொருத்தர், டியூப்ல பட்டை வெல்டு அடின்றாரு மெக்கானிக். எத செய்யறது?
- தாழங்குப்பம் வாசகர்

பதில்: தம்பி, மூணு பேர் சொன்னதுல உங்க மெக்கானிக் சொன்னதுதான் சரி, ஆனா அதுக்கும் முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, அது வெயிட்டு.

கணக்கு போட்டு பாத்துடலாம். 24 இன்ச் விட்டம் 20 அடி நீளம்னா ஒரு டியூப்போட கொள்ளளவு சுமாரா 1,750 லிட்டர், ரெண்டும் சேந்து 3,500 கிலோ தாங்கும். அதுக்காக 3,500 கிலோ ஏத்தலாம்னு அர்த்தம் இல்ல, டியூப்பு பாதிக்கு மேல முங்கக்கூடாது, ஏன்னா உருண்டையான டியூப்பு பாதி முங்கற எடத்துலதான் தண்ணி மேல அதிக அகலமா ஒக்காருது, அதத் தாண்டிட்டா அகலம் கொறஞ்சுக்கினே வரும், அப்புறம் ஏறுற ஒவ்வொரு ஆளுக்கும் முன்னவிட அதிகமா எறங்கும். ஆக உங்க மொத்த கணக்கு 1,750 கிலோ. போட்டும் எஞ்சினும் பெட்ரோலும் சேந்து ஆயிரத்த தொட்டுடும், பத்து பேர் எழுநூறு கிலோ, அங்கயே முடிஞ்சிபோச்சு. இதுக்கு மேல இரும்பு பெஞ்சு, இரும்பு பைப்புல கூரைன்னு போட்டிருந்தீங்கன்னா டியூப்பு பாதிக்கு மேலதான் முங்கியிருக்கும், அத அலுமினியத்துக்கு மாத்துங்க.

அப்புறம் போட்ட கரைக்கு இழுத்து டியூப்புக்குள்ள தண்ணி இருக்கான்னு பாருங்க, இத நெறைய பேர் பாக்கறதே இல்ல. நூறு லிட்டர் தண்ணி பூந்திருந்தா நூறு கிலோ, அது அப்படியே நிக்கவும் நிக்காது, போட் லேசா சாயும்போது அதுவும் முன்னாடி ஓடும், அணியம் குத்தறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். தண்ணிய வடிக்கிற டிரெயின் பிளக் வழியா மெதுவா காத்து ஏத்தி வெளிய சோப்பு தண்ணி பூசுங்க, நொரை வர்ற எடம்தான் ஓட்டை. 2 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், அதுக்கு மேல ஏத்துனா மூடி பொடைக்கும். பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் அமரத்துப் பக்கம் (பின்பக்கம்) தள்ளுங்க, போட்டோ எடுக்கறேன்னு எல்லாரும் ஒரே நேரத்துல முன்னாடி ஓடறத கண்டிப்பா நிறுத்துங்க.

இப்ப பட்டைக்கு வர்றேன். கொழாய்ல தண்ணி ஊத்தும்போது ஒரு கரண்டியோட முதுக லேசா அதுல காட்டிப் பாருங்க, தண்ணி தள்ளாது, கரண்டிய உள்ள இழுக்கும். உருண்டை டியூப்புலயும் இதேதான் நடக்குது, வேகம் கூடக்கூட தண்ணி வளைவ ஒட்டிக்கினே மேல ஏறி டியூப்ப கீழ இழுக்குது, அதனாலதான் எஞ்சின மட்டும் பெருசாக்குனா பெட்ரோல் போவுதே தவிர போட் எழும்பறதில்ல. 20 அடி போட் தண்ணிய கிழிச்சுக்கினு போற வரைக்கும் சுமார் 6 நாட்டு, அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர்ல ஒரு சுவர் மாதிரி நிக்கும். அத தாண்டணும்னா போட் தண்ணி மேல ஏறணும், ஏறணும்னா தண்ணி ஒட்டாம பிரிஞ்சு போக ஒரு வெளிம்பு வேணும். அந்த வெளிம்புதான் ஸ்ட்ரேக்குன்ற பட்டை.

மூணு மில்லி அலுமினிய ஷீட்ட (5052 இல்ல 5083 ரகம்) முக்கோணமா மடிச்சு, டியூப்போட ரெண்டு பக்கமும், நடு மட்டத்துக்கும் அடி மட்டத்துக்கும் நடுவுல வர்ற மாதிரி வைக்கணும், அணியத்து வளைவு முடியற எடத்துல ஆரம்பிச்சு அமரம் வரைக்கும் நேரா. வளைஞ்சு போச்சுன்னா போட் ஒரு பக்கம் இழுக்கும், அதனால நூல் புடிச்சு கோடு போட்டப்புறம்தான் வெல்டு. மேல கீழ ரெண்டு ஓரமும், முன் பின் வாயும் முழுசா மூடணும், இல்லன்னா உப்புத்தண்ணி உள்ள தங்கி டியூப்ப அரிச்சிடும். சாதாரண பாண்டூன் டியூப்பு ரெண்டு ரெண்டரை மில்லிதான் இருக்கும், ஒரே மூச்சுல நீளமா அடிச்சா சூட்டுல முறுக்கிக்கும், அதனால இந்தப்பக்கம் கொஞ்சம் அந்தப்பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி அடிக்கணும், 5356 ரக வெல்டிங் ராடு போட்டு. ஆர்கான் வெல்டிங்னு போர்டு வச்ச எல்லா பட்டறையும் இதுக்கு ஆவாது, மெல்லிசு அலுமினியத்துல கை பழகுனவரா தேடுங்க. முக்கியமா, டிரெயின் பிளக்க கழட்டிட்டுதான் வெல்டு வைக்கணும், மூடுன டியூப்புக்குள்ள காத்து சூடாகி விரிஞ்சா வெல்டு வாய பிச்சிக்கினு வெளிய வரும், ஆளுக்கும் ஆபத்து.

அடுத்தது அடித்தகடு. தளத்துக்கு கீழ குறுக்கால போற பீம் ஒவ்வொண்ணுலயும் அலை மோதறதாலதான் உங்களுக்கு பட்டுனு சத்தமும் தெறிப்பும். ஒரு மில்லி அலுமினிய ஷீட்ட பீமுக்கு அடியில மூடிட்டா தண்ணி வழுக்கிக்கினு போயிடும், செலவுக்கு இதுல கெடைக்கிற பலன் ரொம்ப நல்லா இருக்கும். முன் ஷீட்டோட பின் ஓரம் அடுத்த ஷீட்டுக்கு கீழ வர்ற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி வைங்க, மாத்தி வச்சா தண்ணி புடிச்சு உரிச்சிடும்.

பட்டை வச்சப்புறம் போட் கொஞ்சம் தூக்கும், அப்ப எஞ்சின்ல புரொப்பெல்லருக்கு மேல இருக்கற தகட்டோட மட்டத்த திரும்ப பாக்கணும், இல்லன்னா புரொப்பெல்லர் காத்த இழுத்துக்கினு வெறுமன கத்தும். உங்க 40 எச்பிக்கு கம்பெனி சொல்ற ஆர்பிஎம், நெறைய மாடல்ல 5,000ல இருந்து 6,000, அது புல் லோடுல வருதான்னு பாருங்க, வரலன்னா பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னாடி போற தூரம்) கொறைஞ்ச புரொப்பெல்லர் போடுங்க, ஒரு இன்ச் கொறச்சா 150-200 ஆர்பிஎம் ஏறும். பத்து பேரோட 40 எச்பில போட் பறக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அணியம் நிமிரும், பெட்ரோல் மிஞ்சும், ஆள் கம்மியா இருக்கறப்ப வித்தியாசம் நல்லாவே தெரியும்.

மூணாவது டியூப்பு நல்ல விஷயம்தான், நடு டியூப்ப கொஞ்சம் கீழ எறக்கி வச்சா திருப்பத்துல வெளிய சாயறதும் நிக்கும். ஆனா அந்தக் கீழ எறக்கறதுதான் நமக்கு எடஞ்சல், சாம்பலும் சேறும் படிஞ்சு ஆழமே இல்லாம போன எண்ணூர்ல அது தரைல ஒரசும். சாய்ஞ்சா இப்போதைக்கு வேகத்த கொறச்சுட்டு திருப்புங்க. 60 எச்பி பத்தி, எஞ்சின் மாட்டற பிராக்கெட்டும் பீமும் அந்த பவருக்கு கட்டுனதான்னு தெரியாம வாங்காதீங்க.

ஒண்ணு கேளுங்க தம்பி, என்ன மாத்துனாலும் இத முகத்துவாரம் தாண்டி கடலுக்கு கொண்டு போகாதீங்க. பாண்டூன் போட்டு 1952ல அமெரிக்காவோட மின்னசோட்டா ஏரிகள்ல ஆம்ப்ரோஸ் வீரஸ்னு ஒருத்தர் இரும்பு பீப்பாய் மேல மரத்தளம் போட்டு ஆரம்பிச்சது, அலையில்லாத தண்ணிக்கு பொறந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல படகு கவுந்து 20 பேருக்கு மேல செத்தத நம்ம பக்கம் யாரும் மறக்கல, ஆளுக்கொரு லைப் ஜாக்கெட் இல்லாம கயித்த அவுக்காதீங்க. பதிவு பண்ண போட்டா இருந்தா, 2021 உள்நாட்டு கலங்கள் சட்டப்படி இந்த மாதிரி மாத்தத்த அதிகாரிகிட்ட சொல்லி திரும்ப சர்வே பாக்க வைங்க.

கேள்வி: டியூப்பு ஓட்டையானாலும் மொழுகாம இருக்க உள்ள பூரா ஃபோம் ஊத்தலாமா?
- காசிமேடு வாசகர்

பதில்: வேணாங்க. ஊத்தற ஃபோம் நாளாவட்டத்துல தண்ணிய குடிச்சு கனம் ஏறும், வெளிய எடுக்கவும் முடியாது, பின்னால வெல்டு வைக்கப் போனா நெருப்பு புடிச்சு வெஷப்புகை வரும். டியூப்ப மூணு அறையா தடுத்து, ஒவ்வொண்ணுக்கும் தனி டிரெயின் பிளக் வைங்க, ஒரு அறை போனாலும் மத்தது தாங்கும்.

கேள்வி: பாண்டூன் அடியில சிப்பி ஒட்டி வேகமே போச்சு, பைபர் போட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் மீதி இருக்கு, அடிக்கலாமா?
- திருவொற்றியூர் வாசகர்

பதில்: டப்பால செம்பு இருக்குன்னு போட்டிருந்தா அலுமினியத்துல தொடவே தொடாதீங்க, செம்பும் அலுமினியமும் உப்புத்தண்ணில சேந்தா அலுமினியம் குழி குழியா அரிச்சிடும். அலுமினியத்துக்குன்னு விக்கற செம்பு இல்லாத பெயிண்ட் கேளுங்க, அதுக்கு முன்னாடி எபாக்ஸி பிரைமர். இரும்பு பிரஷ்ல தேய்க்காம மரச்சட்டத்தால சொரண்டுங்க. எஸ்எஸ் போல்ட்டு போட்ட எடத்துல எல்லாம் நைலான் வாஷர் குடுங்க, கழிமுகத்து கலப்புத் தண்ணிக்கு துத்தநாக ஆனோட (போட்டுக்கு பதிலா தான் அரிச்சுப் போற உலோகக் கட்டி) விட அலுமினிய ஆனோடுதான் சரியா வேலை செய்யும், அது மேல மட்டும் பெயிண்ட் படக்கூடாது.